கட்டின ஆள் வரட்டும்

அரை றாத்தல் பருப்பு வாங்கப் போனாலும் அவர் முதலில் பார்ப்பது பருப்பை அல்ல, தராசை. வெறுந்தட்டுகள் இரண்டும் சமமாக நிற்கின்றனவா என்று குனிந்து பார்ப்பார். முள் ஆடி அடங்கி நடுவில் வந்து நிற்கும்வரை பின்னால் யார் காத்திருந்தாலும் அவருக்கு அக்கறை இல்லை. அக்குறணையில் கடை வைத்திருந்த அவருடைய மச்சானே ஒருநாள் பொறுமை இழந்துவிட்டாராம். "ஒங்களுக்குச் சாமான் விக்கிறத்த விட கடைய மூடிட்டு ஊட்ட பெய்த்து படுக்கலாம்" என்றாராம். இதை எங்களிடம் சொல்லிச் சிரித்தவர் அவரேதான்.

"நான் மச்சான நம்பாமயா? தராசத்தான் நம்பல்ல" என்பார்.

அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் பட்டறையில் எல்லோருக்கும் அவர் நானாதான், அதாவது அண்ணன். சிங்களச் சிப்பாய்கள், கலஹாத் தோட்டத்திலிருந்து வந்த சமையல்காரர், எங்கள் கப்டன் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். வயது வித்தியாசம் பத்துக்கு மேல் இருக்காது. தினமும் அலவத்துகொடையிலிருந்து பஸ் ஏறி கண்டிக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் பேராதனைப் பக்கம் வருவார். நான் கண்டி டவுனிலிருந்து வருவேன். இரண்டு பேருமே சீருடை இல்லாத ஆட்கள். ராணுவத்தின் வானொலிக் கருவிகளைத் திருத்தும் அந்தப் பட்டறையில் நான் ஸ்டோர் கிளார்க், அவர் டெக்னீஷியன்.

டெக்னீஷியன் என்றால் வானொலியைத் திருத்துபவர் என்று நினைக்க வேண்டாம். அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். ஒரு வானொலி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு வோல்ட்மீட்டர், அலைகளைப் படமாகக் காட்டும் ஒசிலோஸ்கோப் என்று சில கருவிகள் வேண்டும். வெள்ளைக்காரன் விட்டுப்போன கனத்த இரும்புப் பெட்டிகள் அவை. இந்தக் கருவிகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் நானாவின் வேலை. ஒவ்வொன்றையும் முறை வைத்து எடுத்துவந்து, திறந்து, தூரிகையால் தூசு தட்டி, ஆணிகளை இறுக்கி, ஈரம் போக்கி, எங்களிடம் இருந்த மிகச் சிறந்த மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, மூடி வைப்பார். அந்தச் சிறந்த மீட்டருக்கு அவர் வைத்த பெயர் பெரியவர். ஃபிளனல் துணியில் சுற்றி, இரவும் பகலும் ஒரு பல்பு எரியும் அலுமாரிக்குள் பெரியவர் இருப்பார். கண்டியில் மழை தொடங்கினால் தோல் சப்பாத்தில் பூஞ்சணம் பூக்கும். அந்த ஈரத்தை விரட்டத்தான் பல்பு.

இறக்குமதி எல்லாம் நின்றுபோயிருந்த வருஷங்கள் அவை. ஒரு கருவி கெட்டால் இன்னொன்று வராது. இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கருவியை நானா மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு போனால் சார்ஜன்டுக்குக் கோபம் வரும்.

"நல்லாத்தானே வேலை செய்யுது?" என்று சிங்களத்தில் சத்தம் போடுவார்.

"ஏக்க நிசா தமய்" என்பார் நானா. அதனால்தான் என்று அர்த்தம். வேறு விளக்கம் கிடைக்காது.

எடுத்த கருவியில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டுவார். பட்டறையின் விதி அது. அட்டையில் கட்டியவருடைய பெயர் இருக்கும். அது தொங்கும்வரை அந்தக் கருவியை யாரும் தொடக்கூடாது. கட்டியவர் மட்டுமே அவிழ்க்கலாம், கப்டனுக்கும் அந்த உரிமை கிடையாது. உள்ளே ஒருவர் கையை விட்டிருக்கும்போது இன்னொருவர் வந்து சுவிட்சைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்து வைத்த விதி. விதியின் இன்னொரு பாதியும் நானாவுக்குப் பிடித்தமானது. சிவப்பு அட்டை தொங்கும் சாமானைக் கணக்கிலிருந்து கழிக்க முடியாது. அது கெட்ட சாமான் அல்ல, திரும்பி வரப்போகிற சாமான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த மனிதரோடு ஒரு வாரம் தள்ள முடியாது என்று நினைத்தேன். எனக்குப் பொறுமை குறைவு. அவருக்கோ எதுவும் மெதுவாகத்தான் நடக்க வேண்டும். வால்வு வைத்த கருவிகள் சுவிட்சைப் போட்டவுடன் உண்மை பேசா, சூடேற வேண்டும் என்பார். காலையில் நான் எதையாவது கேட்டால் பிளேன்டீ குடித்து முடிக்கும்வரை பதில் வராது. "நான் இன்னும் சூடாகல்ல தங்கச்சி" என்பார். மீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, ஊசி பூச்சியத்துக்கு வருகிறதா என்று பார்க்காமல் எதையும் அளக்கமாட்டார். அளந்த பிறகும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பார். நடுவில் மீட்டர் மனம் மாறியிருக்கலாமாம்.

எங்கள் மகனுக்குக் காய்ச்சல் என்று நான் வேலைக்கு வராத நாளில், பின்னேரம் கண்டியில் பஸ் மாறும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் தோடம்பழப் பையும் ஒரு காய்ச்சல்மானியும். பிள்ளை அனத்திக்கொண்டு கிடக்கிறான். இவர் கதிரையில் உட்கார்ந்து காய்ச்சல்மானியைத் தன் கமக்கட்டில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். தன் சூடு சரியாகக் காட்டியது என்று திருப்தியான பிறகே அதை உதறிக் கழுவிப் பிள்ளைக்கு வைத்தார். அவர் போன பிறகு என் கணவர், "இவரு ஒங்க ஆபீசுல என்னதான் செய்றாரு?" என்று கேட்டார். அன்றைக்கு எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அவருக்கும் சமையல்காரருக்கும் ஒரு தீராத வழக்கு இருந்தது. கருவிகளுக்குள் ஈரம் உறிஞ்சச் சின்னச் சின்னத் துணிப்பைகள் வைப்போம். உள்ளே கற்கண்டுத் துகள் போல நீல மணிகள் இருக்கும். ஈரம் குடித்துக் குடித்து அவை இளஞ்சிவப்பாகிவிடும். அப்போது எடுத்து வறுத்தால் ஈரம் போய் மறுபடி நீலமாகும். வறுக்க வேறு இடம் இல்லாததால் நானா மணிகளைத் தகரத் தட்டில் கொட்டிக்கொண்டு குசினிக்குப் போவார்.

"என்னங்க நானா, இன்னைக்கும் ஒங்க கடலைய வறுக்க வந்துட்டீங்களா?" என்பார் சமையல்காரர். "நூறு பேருக்கு சோறு ஆக்கணும். அடுப்ப நீங்க புடிச்சிக்கிட்டா நான் எங்க போறது?"

"ஒரு மூலைய தாங்கொ. பெரியவர் நனஞ்சி போய் ஈக்கிறார்."

இப்படிச் சண்டை பிடிக்கும் அதே சமையல்காரர் ஒருநாள் கொதிநீர் பட்டுக் கை வெந்துபோன பிறகும் துணியைச் சுற்றிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். யாரும் கவனிக்கவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்துகொண்டிருந்ததே. மணி வறுக்கப் போன நானா கையைப் பார்த்தார், திரும்பி வந்தார், மேசை லாச்சியைத் திறந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்துக்கொண்டு போய்க் குசினியின் பெரிய தாச்சியின் காதில் கட்டிவிட்டார்.

"சட்டிக்கு என்னங்க சீக்கு?" என்று கேட்டார் சமையல்காரர்.

"சட்டிக்கு ஒண்டுமில்ல. ஆக்கிற ஆளத்தான் பாக்கோணும். டொக்டர்ட்ட பெய்த்து வாங்கொ, அவுக்கிறன்."

விஷயம் கப்டன்வரை போனது. அவர் குசினிக்கு வந்து அட்டையை வாசித்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும் என்று புதிதாக வரும் சிப்பாய்களிடம் மிரட்டிச் சொல்பவரே அவர்தான். அன்று முகாம் முழுவதும் பாணும் சம்பலும் சாப்பிட்டது. மருந்துக் கட்டோடு சமையல்காரர் திரும்பி வந்ததும் நானா தாச்சியை அவிழ்த்துக் கொடுத்தார். அடுப்பின் ஒரு மூலை அதற்குப் பிறகு நிரந்தரமாக நானாவுக்கு என்று ஆனது.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. நான் ஏதாவது பொருளை எண்ணிக்கொண்டிருக்கும்போது, "தங்கச்சி, இங்க ஒருக்கா வாங்கொ. இது எவ்வளவு காட்டுது?" என்று கூப்பிடுவார். போய் ஊசியைப் பார்த்துச் சொல்வேன். ஊசிக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டி இருக்கும். ஊசி அந்தக் கண்ணாடியில் விழும் தன் நிழலை மறைக்கும்படி நேராக நின்று பார்த்தால்தான் கணக்குச் சரி. இதையும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். முதலில் எப்போதாவது கூப்பிட்டவர், பிறகு அடிக்கடி கூப்பிட்டார், பிறகு ஒவ்வொரு கருவிக்கும் கூப்பிட ஆரம்பித்தார்.

"ஏன் நானா, ஒங்க கண்ணையும் இப்ப சந்தேகப்படுறீங்களா?" என்று ஒருநாள் கிண்டலாகக் கேட்டேன்.

"ரெண்டு பேர் பாத்தா நல்லம்தானே" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். அவருடைய சோதிக்கும் பைத்தியம் முற்றிவிட்டது என்று நானும் சிரித்துக்கொண்டு போய்விட்டேன்.

ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் பெரியவரின் அலுமாரிக்கு மணிப்பைகள் மாற்றினார். குசினியிலிருந்து கொண்டுவந்தவற்றைப் பைகளில் நிரப்பி, வாயைக் கட்டி, உள்ளே அடுக்கினார். ஒன்று கீழே விழுந்துவிட்டது. நான் எடுத்தேன். மெல்லிய துணி, உள்ளே இருப்பது தெரியும். மணிகள் இளஞ்சிவப்பாக இருந்தன. அலுமாரியைத் திறந்து மற்றவற்றையும் பார்த்தேன். எல்லாமே அப்படித்தான். வறுத்தது போதாமல் ஈரத்தோடேயே எடுத்துவந்திருக்கிறார். பெரியவருக்குப் பக்கத்தில் ஈரத்தை வைத்துக் கதவை மூடுகிற ஆளா இவர்?

"நானா, இது என்ன கலர்?"

"நீலம்தானே" என்றார். சொன்ன விதத்தில் ஒரு தயக்கம் இருந்தது. என் முகத்தைப் பார்க்க முயன்றார். என் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில், வெறும் காற்றைப் பார்த்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எத்தனை மாதமாக இந்த மனிதர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊசியை வாசிக்க வைத்திருக்கிறார்.

"ரோஸ் கலரா ஈக்கி, நானா" என்று அவர் பேச்சிலேயே மெதுவாகச் சொன்னேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கண்ணுல பொகை மாதிரி. போன நோம்புக்கு முந்தியே தொடங்கிட்டு" என்றார். "அதனாலதான் ஒங்கட கண்ண கடன் வாங்கின. நான் தனியப் பாத்து ஒரு கணக்கும் குடுக்கல்ல, அல்லாவுக்குப் பொதுவா செல்றன். இந்த மணிதான் ஏமாத்திட்டு."

"ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா?"

"காட்டினா வெட்டோணும்ண்டு செல்லுவாங்க. லீவு கேக்கோணும். ஏன்டு கேட்டா கண்ணுண்டு செல்ல ஏலுமா தங்கச்சி? மீட்டர் பாக்கிற ஆளுக்குக் கண் இல்லாட்டி ஊட்டுக்கு அனுப்பிடுவாங்க. மூணு கொமரு ஈக்கி என்ட ஊட்டுல."

கலியாணத்துக்கு நிற்கும் மூன்று பெண்கள். இந்த வேலை போனால் அலவத்துகொடையில் அவருக்கு வேறு எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு அவர் எழுந்து அலுமாரியைத் தடவித் திறந்து, மணிப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். தன் பிழையைக் கண்டுபிடித்தவுடன் அவர் முதலில் செய்தது அதைத்தான். அன்றைக்கு மணிகளை நான் வறுத்தேன். சமையல்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அடுப்பின் அந்த மூலையை ஒதுக்கித் தந்தார்.

இரவு முழுவதும் எனக்குக் கோபம். யார் மேல் என்று தெரியாத கோபம். தராசைச் சோதிப்பார், காய்ச்சல்மானியைச் சோதிப்பார், சமையல்காரரின் கையைப் பார்ப்பார். தன் கண்ணை மட்டும் மூடி மறைத்துக்கொண்டு, பஸ் போர்டு தெரியாமல் யார் யாரிடமோ கேட்டுக் கேட்டு ஏறி வந்திருக்கிறார். என் கணவரிடம் சொன்னேன். அவர் எதையும் சுருக்கமாகச் சொல்பவர். "அவரு சட்டிக்கு கட்டுனதத்தான் நீ அவருக்கு கட்டணும்" என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டேன். லாச்சியிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து என் பெயரை எழுதி, நானாவின் ஸ்டூலின் காலில் கட்டினேன். முடிச்சை நன்றாக இறுக்கினேன்.

அவர் வந்தார். உட்காரப் போனவரின் கை அட்டையில் பட்டது. குனிந்து கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தார். யாருடைய பெயர் என்று அவருக்கு வாசிக்க முடிந்ததோ என்னவோ.

"யாரு இது?"

"நான்தான். டொக்டருகிட்ட போயிட்டு வாங்க, அவுக்குறேன்."

அவர் அவிழ்த்திருக்கலாம். ஒரு நிமிட வேலை. அவிழ்க்கவில்லை. இருபது வருஷமாகக் கட்டிக் காத்த விதியின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதற்குள் கப்டன் உள்ளே வந்துவிட்டார். நின்றுகொண்டிருக்கும் நானாவையும் ஸ்டூலையும் அட்டையையும் பார்த்தார். நானாவின் வேலையை நானே போக்கிவிட்டேனோ என்று பயந்தேன்.

"என்ன பிழை?" என்று சிங்களத்தில் கேட்டார் கப்டன்.

நான் வாயைத் திறப்பதற்குள் நானாவே சொல்லிவிட்டார். "கண், சார்."

அவர் அதைச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கப்டன் ஸ்டூலருகே குனிந்து அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார். "பராமரிப்பில் இருக்கும் சாமானைக் கணக்கிலிருந்து கழிக்கலாமா?"

"இல்ல, சார்."

"திரும்பி வருமா?"

"வரும், சார்."

"ஹரி" என்றார், சரி என்று. நானாவின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அன்றைக்கே தன் ஜீப்பில் அவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தக் கப்டனை நான் எப்போது நினைத்தாலும் அந்த ஒரு சொல்லுக்காகவே நினைக்கிறேன்.

கண்புரை. முதலில் வலது கண்ணை வெட்டினார்கள், இடது கண் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் வெட்டிய பிறகு தலையை அசைக்கவே விடமாட்டார்கள். இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, இரண்டு கண்ணையும் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போன அன்று அவருடைய மனைவி பக்கத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். என் செருப்புச் சத்தத்திலேயே நானா என்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

"தங்கச்சியா? பெரியவர் எப்பிடி?"

"நல்லா இருக்காரு. மணி எல்லாம் நீலம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு பேரு பாத்தோம். நானும் சமையக்காரரும்."

கட்டுக்குக் கீழே அவருடைய வாய் மட்டும் சிரித்தது. அவருடைய மனைவி என் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். விடவே இல்லை.

அந்த ஸ்டூல் அப்படியே இருந்தது. யாரும் உட்காரவில்லை. அவசரத்துக்கு இழுத்துப் போடப் பார்த்த ஒரு புதுச் சிப்பாயைச் சார்ஜன்டே அதட்டினார். நானாவோடு தினமும் சத்தம் போட்ட அதே சார்ஜன்ட். மழைக்காலம் முடிந்து வெயில் வந்தது. அட்டையின் சிவப்பு கொஞ்சம் வெளிறியது.

நானா வேலைக்குத் திரும்பிய அன்று என் பஸ் வழியில் நின்றுவிட்டது. பாதித் தூரம் நடந்து, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலிலேயே சமையல்காரர் காத்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் போங்கம்மா. காலையில இருந்து நிக்கிறாரு. ஒக்காருங்கன்னு நான் சொன்னேன், கப்டன் ஐயாவும் சொல்லிட்டாரு. கேட்டாத்தானே. கட்டின ஆள் வரட்டும்ங்கிறாரு."

உள்ளே, தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நானா நின்றுகொண்டிருந்தார். சோடாப் போத்தல் அடி மாதிரி ஒரு கண்ணாடி. அதற்குப் பின்னால் அவருடைய வலது கண் பெரிதாகத் தெரிந்தது. மேசையில் பெரியவரின் சுவிட்சைப் போட்டுச் சூடேற வைத்திருந்தார். அது மட்டும்தான் அவர் செய்திருந்த வேலை.

நான் குனிந்து முடிச்சில் கை வைத்தேன். மழை ஈரத்தில் இறுகிக் காய்ந்து கல்லாகிவிட்டிருந்தது. நகம் உடைந்தது. கடைசியில் பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது. அட்டையை அவர் கையில் கொடுத்தேன். அப்போதுதான் உட்கார்ந்தார்.

வயர் முனைகள் இரண்டையும் எடுத்து ஒன்றோடொன்று தொட்டார். ஊசி பூச்சியத்துக்கு வந்தது. பிறகு ஒரு புதுப் பற்றரியில் வைத்தார்.

"தங்கச்சி, இங்க ஒருக்கா வாங்கொ. இது எவ்வளவு காட்டுது?"

"இன்னுமா?" என்றேன்.

"கண்ணு புதுசுதானே. மொதல்ல அதப் பாக்கோணுமே. நான் மனசுக்குள்ள வெச்சிக்கிட்டு ஈக்கிறன், நீங்க செல்லுங்கொ."

நிழலை ஊசி மறைக்கும்படி நேராக நின்று பார்த்துச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அதேதான்" என்றார். முனைகளை மறுபடி ஒன்றோடொன்று தொட்டுப் பூச்சியம் பார்த்தார்.

நான் என் இடத்துக்குப் போகத் திரும்பியபோது, "தங்கச்சி, கொஞ்சம் நில்லுங்கொ" என்றார். முகத்தை உயர்த்தி என்னையே பார்த்தார். "ஒங்கட மூக்குத்தில செவப்புக் கல்லு ஈக்கி."

"கலியாணத்துல போட்டது. எப்பவும் இருக்கே. இத்தன நாளா ஒங்களுக்குத் தெரியலியா?"

"குழிதான் தெரிஞ்சிச்சி. கல்லு உழுந்திட்டுண்டு நெனச்ச" என்றார். "வேற கல்லு போட ஏலாமக் கஷ்டப்படுறீங்கண்டு நெனச்சி, நானும் கேக்காம ஈந்த."

நான் ஸ்டோருக்குள் போய், முதல்நாளே எண்ணி முடித்த வால்வுகளை மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.